பிசையாத ரொட்டி: 18 மணி நேரக் கணக்கு வட சென்னையில் செல்லுமா?

வாசகர் கேள்வி, 12 மே 2023

மைதா, தண்ணீர், உப்பு, சிட்டிகை ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து மூடி வைத்தால், பிசையாமலேயே 18 மணி நேரத்தில் மாவு தானே பதப்பட்டுவிடும் என்று படித்துவிட்டு, கொருக்குப்பேட்டையில் என் வீட்டில் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மறுநாள் காலையில் பாத்திரத்தில் இருந்தது கூழ்தான். கள்ளுக்கடை வாசனை வேறு. இந்த முறை நம் ஊருக்கு ஒத்துவராது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

12 மே 2023, இரவு 10.40

மறுக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில், கடந்த மார்கழியில் மட்டும் எட்டு ரொட்டிகள் செய்தேன். ஒன்றுகூடக் கூழாகவில்லை. முறையில் பிழை இல்லை. நியூயார்க்கின் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியை நடத்திய ஜிம் லேஹியின் செய்முறை இது. சமையல் எழுத்தாளர் மார்க் பிட்மன் 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய பிறகுதான் உலகம் முழுவதும் வீட்டு அடுப்பங்கரைகளுக்குள் நுழைந்தது. பிசைவதால் மாவுக்குக் கிடைக்கும் பலனை இங்கே தண்ணீரும் நேரமும் தருகின்றன. மாவு நன்றாக ஈரமாக இருந்தால் கோதுமையிலுள்ள இருவகைப் புரதங்கள் மெதுவாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. ஈஸ்ட் விடும் குமிழ்கள் அந்த வலையை உள்ளிருந்து இழுத்து நீட்டுகின்றன.

எனவே குற்றம் உங்கள் மைதாவினுடையது. தளர்வாக நிறுத்து விற்கும் மைதாவில் புரதம் குறைவாக இருந்திருக்கும். புரத அளவு அச்சிட்ட பாக்கெட் வாங்கி, 100 கிராமுக்கு 11 கிராம் இருப்பதைப் பார்த்து எடுங்கள்.

14 மே 2023

மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பிறருக்கு அறிவுரை சொன்ன கையோடு நானும் நேற்று மாலை 4 மணிக்கு 11 கிராம் புரதமுள்ள மைதாவிலேயே கலந்து வைத்தேன். இன்று காலை 10 மணிக்குத் திறந்தால், கொருக்குப்பேட்டை நண்பர் சொன்ன அதே கூழ், அதே வாசனை. மேற்பரப்பில் குமிழே இல்லாமல், ஆறிப்போன கஞ்சியைப் போல ஒரு பளபளப்பு மட்டும் இருந்தது. விரலால் தூக்கினால் வலையாக எழும்ப வேண்டிய மாவு, பசையைப் போல வழிந்து அறுந்தது.

இதில் நான் கவனிக்காத ஒன்றை என் மனைவி கவனித்தார். பாத்திரத்தின் உட்சுவரில், இப்போதிருந்த மாவின் மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே, காய்ந்த மாவு ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. "என்னங்க, இது பொங்காத மாவு இல்லை, பொங்கி அடங்கின மாவு. நடுராத்திரியிலேயே பொங்கி முடிஞ்சிருக்கும்" என்றார். அடுப்படியில் நாற்பது ஆண்டுகளாக இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பவரின் தீர்ப்பு அது. எனக்கு அது உடனே உறைக்கவில்லை என்பதை அடுத்த குறிப்பு காட்டும்.

15 மே 2023

தண்ணீர் மீது சந்தேகம் வந்தது. எங்கள் பக்கம் காட்டுப்பள்ளிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீர் 2010 முதல் வருகிறது. குழாயில் குளோரின் வாடை அடிக்கும் நாள்களும் உண்டு. குளோரின் ஈஸ்ட்டைக் கொன்றிருக்கும் என்று எண்ணி, குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஆகியவற்றில் ஐம்பது ஐம்பது கிராம் மைதாவைத் தனித்தனி டம்ளர்களில் கலந்து வைத்தேன். மூன்றும் ஒன்றுபோலப் பொங்கின, ஒன்றுபோல அடங்கின. தண்ணீருக்கு விடுதலை. ஈஸ்ட் செத்திருந்தால் பொங்கியே இருக்காது என்பதை மூன்று டம்ளர்களைக் கழுவும்போதுதான் யோசித்தேன்.

17 மே 2023

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, காரணம் பிடிபட்டுவிட்டது.

மார்கழிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அப்போது வீட்டுக்குள் இரவில் 23, 24 டிகிரி என்று பேரனின் வெப்பமானியைப் பார்த்து விளையாட்டாக எழுதி வைத்திருக்கிறேன். அதே வெப்பமானியை நேற்றிரவு 11 மணிக்கு அடுக்களை மேடையில் வைத்தேன்: 33 டிகிரி. அக்னி நட்சத்திர வெயிலில் பகல் முழுவதும் காய்ந்த மொட்டை மாடித் தளம், விடியும் வரை வீட்டுக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. மூலச் செய்முறையில் 18 மணி நேரத்தோடு இன்னொரு சொற்றொடரும் இருக்கிறது. சுமார் 70 டிகிரி ஃபாரன்ஹீட் அறை வெப்பத்தில் என்கிறது அது. நம் கணக்கில் 21 டிகிரி. இந்தச் சொற்றொடரைத்தான் நாம் எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம்.

ஈஸ்ட்டின் வேகம் 8 முதல் 10 டிகிரிக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 21-க்கும் 33-க்கும் இடையே 12 டிகிரி இருப்பதால் வேகம் சுமார் இரண்டரை மடங்கு ஆகிறது. அங்கே 18 மணி நேரத்தில் முடியும் வேலை இங்கே 7 மணி நேரத்தில் முடிந்துவிடும். மாலை 4 மணிக்குக் கலந்தது இரவு 11 மணிக்கே உச்சத்தைத் தொட்டுவிட்டது. நான் அதைக் காலை 10 மணி வரை, மேலும் 11 மணி நேரம், புளிக்கவிட்டிருக்கிறேன். மனைவி சொன்ன நடுராத்திரிக் கணக்கு வெப்பமானி இல்லாமலேயே சரியாக இருந்தது.

அதற்கு மேல் என்ன நடக்கிறது என்றால், மாவிலுள்ள நொதிகள் குளூட்டன் வலையை அறுக்கத் தொடங்குகின்றன. கூடவே வளரும் பாக்டீரியாக்கள் அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகின்றன. வலை அறுந்ததும் காற்று வெளியேறி, பிடித்து வைத்திருந்த நீரையும் மாவு கைவிட்டு வழியத் தொடங்குகிறது. கூழ் என்பது அதுதான். கொருக்குப்பேட்டை நண்பர் எழுதிய கள்ளுக்கடை வாசனையும் பிழையான வர்ணனை இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவோடு சாராயத்தையும் விடுகிறது. ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் கோவாவில் போர்த்துகீசியர் தென்னங்கள்ளை ஊற்றியே ரொட்டி மாவைப் புளிக்க வைத்தார்கள்.

சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துவிடும் இட்லி மாவு, மார்கழியில் கம்பளி போர்த்தினாலும் விடிந்த பிறகும் பொங்காமல் நிற்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இட்லி மாவுக்கு எவரும் இத்தனை மணி நேரம் என்று எழுதி வைப்பதில்லை. மூடியைத் திறந்து பார்த்து முடிவு செய்கிறோம். மைதா என்றதும், அதுவும் செய்முறை ஆங்கிலத்தில் இருந்ததும், கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். நானும்தான்.

18 மே 2023

ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்தால் போதாதா என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஓரளவு உதவும். ஆனால் ஈஸ்ட்டை மட்டுமே குறைக்க முடியும். நொதிகளும் மாவோடு வந்த பாக்டீரியாக்களும் 33 டிகிரியில் அதே வேகத்தில்தான் வேலை செய்யும். அரைக்கால் தேக்கரண்டி ஈஸ்ட்டில் நேற்று செய்தது, 9 மணி நேரத்தில் நன்றாகப் பொங்கியிருந்தாலும், மார்கழி ரொட்டியின் மணம் அதில் இல்லை. புளிப்பு மட்டும் முந்திக்கொண்டு நின்றது.

24 மே 2023

மாவைக் குளிர்பெட்டியில் வைத்துப் புளிக்கவிடும் வழி சரிப்பட்டுவிட்டது. மூன்று முறை தொடர்ந்து ஒரே பலன் வந்த பிறகே இங்கே எழுதுகிறேன்.

மைதா 400 கிராம், தண்ணீர் 280 மில்லிலிட்டர், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். ஈஸ்ட்டை முதலில் உலர்ந்த மாவில் கலந்துவிட வேண்டும். சில்லென்ற தண்ணீரில் நேராகப் போட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்கு பேக்கரிக்காரர்களின் எளிய கணக்கு ஒன்று உண்டு. கலந்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டுமானால் 25-ஐ மூன்றால் பெருக்கி, வரும் 75-லிருந்து அறை வெப்பத்தையும் மாவின் வெப்பத்தையும் கழிக்க வேண்டும். என் வீட்டில் இரண்டும் 33 என்பதால் மிச்சம் 9. ஆகவே குளிர்பெட்டித் தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டிகளைக் கரைத்துக்கொள்கிறேன்.

கரண்டியின் காம்பால் ஒரு நிமிடம் கிளறி, உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் மூடி, வெளியே இரண்டு மணி நேரம் வைக்கிறேன். இதற்கிடையே ஈரக்கையால் மாவின் ஓரத்தைத் தூக்கி நடுவில் மடிப்பதை இரண்டு தடவை செய்கிறேன். இது பிசைதல் ஆகாதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இருபது நொடி வேலை. பிறகு குளிர்பெட்டியின் அடித்தட்டில் 14 முதல் 18 மணி நேரம். அங்கே 5 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்குகிறது. ஆனாலும் மாவு மெல்லப் பதப்பட்டு மணம் ஏறுகிறது. மறுநாள் எடுத்து, அரிசி மாவு தூவிய மேடையில் உருட்டி, ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மட்டும் எழும்ப வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். எழவே இல்லையென்றால் ஓடிப்போய் அடுப்பில் வைக்க வேண்டும்.

அரிசி மாவைப் பற்றி ஒரு சொல். மூலச் செய்முறை துணித் துண்டின் மீது கோதுமை மாவு தூவச் சொல்கிறது. அப்படித் தூவிய என் ஈரிழைத் துண்டு ரொட்டியோடு ஒன்றாகிப் போனது. அரிசியில் குளூட்டன் இல்லாததால் ஈரம் பட்டாலும் பசையாகாது. இடியாப்ப மாவு மிகப் பொருத்தம்.

25 மே 2023

அளவு குறித்து ஒரு திருத்தம். தண்ணீர் 280 மில்லிலிட்டரா, மூலத்தில் ஒன்றரைக் கப்புக்கு மேல் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் அச்சானதில் 3 கப் மாவுக்கு 1⅝ கப் தண்ணீர் என்றுதான் இருந்தது. அது அளவுக்கு மிஞ்சிய நீர் என்று பலர் அங்கேயே முறையிட்டார்கள். அவர்களுடைய கப் 240 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கப்புகளில் 200-உம் உண்டு, 250-உம் உண்டு. என் மார்கழி ரொட்டிகளைக் காப்பி டம்ளரால் அளந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தராசு வாங்குங்கள்.

4 ஜூன் 2023

பாத்திரம் குறித்துக் கேட்டவர்களுக்காக. பேக்கரி அடுப்பில் நீராவியைச் செலுத்துவார்கள். ரொட்டியின் மேல்தோல் ஈரமாக இருக்கும் வரைதான் அது விரிந்துகொடுக்கும். ஓ.டி.ஜி. எனப்படும் நம் சிறிய மின் அடுப்பில் நீராவி சந்து வழியே வெளியேறிவிடுகிறது. கனத்த மூடிபோட்ட பாத்திரத்தை 230 டிகிரியில் அரை மணி நேரம் காய வைத்து, அதற்குள் மாவைப் போட்டு மூடினால், மாவு விடும் ஆவி அங்கேயே தங்கி அந்த வேலையைச் செய்கிறது. அரை மணி நேரம் மூடியோடு, பிறகு 15 முதல் 20 நிமிடம் மூடி இல்லாமல்.

என்னிடமிருப்பது கனமான வார்ப்பிரும்புக் கடாயும், வேறொரு பாத்திரத்தின் எஃகு மூடியும். நேற்று அந்த மூடியின் கறுப்புப் பிடிக் குமிழ் அடுப்புக்குள் உருகிவிட்டது. வீடு முழுவதும் மீன் வாடை போன்ற ஒரு நாற்றம். பேக்லைட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த குமிழ், கைப்பிடி எதுவும் இந்த வெப்பத்துக்குத் தாங்காது, கழற்றிவிட்டு வையுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே இவ்வளவு காய வைப்பதும் கூடாது. 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும்.

5 ஜூன் 2023

உருகிவிட்டது என்று நேற்று எழுதியது பிழை. பேக்லைட் ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாத வகைப் பொருள். அது கருகும், வெடித்து உதிரும். காலையில் குமிழைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வடிவம் மாறாமல், கரிக்கட்டையைப் போல விரிசல் விட்டிருந்தது. பாரிமுனை அச்சகமொன்றில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவன் என் பிழையை நானே திருத்தாமல் விட்டால் உறக்கம் வராது.

20 ஜூன் 2023

பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்ட நேற்றைய மழையில் வீடு சட்டென்று 27 டிகிரிக்கு இறங்கியது. குளிர்பெட்டி இல்லாமலே முயலலாம் என்று கலந்து வைத்தேன். 10 மணி நேரத்தில் அழகாகப் பொங்கியது. அதோடு நின்றிருக்கலாம். மூடிக்குக் குமிழ் இல்லாத எரிச்சலில், மீன் குழம்பு வைக்கும் மண் சட்டியைப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது. காய்ந்த அடுப்பில் குளிர்ந்த மண் சட்டியை வைத்தால் விரிசல் விடும் என்பது தெரிந்ததால் குளிர்ந்த அடுப்பிலேயே வைத்துச் சூடேற்றினேன். சட்டி தாங்கியது. சூடான சட்டிக்குள் குளிர்ந்த ஈர மாவு விழுந்ததும் டப்பென்று ஒரு சத்தம். அடியில் முழு வட்டமாக விரிசல்.

ரொட்டி வெந்தது. மேல்தோல் நான் செய்தவற்றிலேயே மிகச் சிறந்தது. ஆனால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டு வஞ்சிரமும் புளியும் ஊறிய சட்டி அது. அறுத்து ஜாம் தடவியபோது பேரன் முகர்ந்து பார்த்துவிட்டு, தாத்தா, இதுக்கு ஜாம் வேணாம், குழம்பு ஊத்துங்க என்றான். ஊற்றினோம். நன்றாகத்தான் இருந்தது. சட்டிக்கான கணக்கு மனைவிக்கும் எனக்கும் இடையே இன்னும் தீரவில்லை.

9 ஜூலை 2023

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி விறகு அடுப்பு பேக்கரி ஒன்று இருக்கிறது. பன்னும் பொறையும் இன்றும் அந்த அடுப்பில்தான் வேகின்றன. அங்குள்ள மாஸ்டரிடம் என் ரொட்டித் துண்டொன்றைக் கொடுத்தேன். மெல்லாமல், முதலில் உள்புறத்தை விரலால் அழுத்தினார். பிறகு ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, வாசனை இருக்கு. ஆனா இவ்வளவு ஓட்டை போட்டா ஜாம் ஒழுகாதா? நான் இப்படிப் போட்டா கஸ்டமர் திருப்பிக் கொண்டாந்து குடுப்பான்" என்றார். அவர் சொன்னது நியாயம். சதுர அச்சில் வெந்து, ஓட்டை தெரியாமல், பஞ்சைப் போல் இருப்பதுதான் இங்கே பிரெட். ஓட்டை அவருக்குப் பழுது. என் செய்முறையில் அதுவே பெருமை.

கோடையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் ஐஸ் பெட்டி வரவழைத்து, உடைத்த ஐஸைப் போட்டுத்தான் மாவு கலக்கிறார்கள். ஈஸ்ட்டையும் குறைத்துவிடுகிறார். கணக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா என்றதற்குச் சிரித்துவிட்டு, மாவைத் தொட்டால் கைக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். நான் மூன்றால் பெருக்கிக் கழித்துக் கண்டுபிடித்த 9 டிகிரி அவருக்குப் புறங்கையில் இருக்கிறது. கடை பிரெட் எப்படி அவ்வளவு உயரமாக எழும்புகிறது என்று கேட்ட வாசகருக்கு: இயந்திரத்தில் வேகமாகப் பிசைவதும், மாவை வலுவாக்கும் சேர்மானங்களும் காரணம். அவற்றுள் ஒன்றான பொட்டாசியம் புரோமேட்டை நம் நாட்டில் 2016-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

என் சிறுவயதில் பிரெட் என்பது காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டுக்குள் வரும் பொருள். பாலில் நனைத்த இரண்டு துண்டுகள் தட்டில் வந்தால், அடுத்து ஊசி என்று பொருள். என் வயதுக்காரர்கள் பலருக்கு ரொட்டி மணத்தோடு டெட்டால் மணமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நான் அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டியைப் பார்த்து என் அக்கா, யாருக்குடா உடம்பு சரியில்லை என்றுதான் கேட்டார்.

13 ஆகஸ்ட் 2023

எச்சரிக்கை ஒன்று. ஆறும் முன்பே பிளாஸ்டிக் பையில் சுற்றி மேடையிலேயே விட்ட ரொட்டி, இரண்டாம் நாள் மாலையில் மிகவும் கனிந்த பழத்தைப் போல மணந்தது. நல்ல மணம்தானே என்று நான் மகிழ்ந்து பிட்டபோது, உள்ளே பழுப்பாகி, இரு துண்டுகளுக்கும் இடையே சிலந்தி நூல் போல இழைகள் நீண்டன. இதற்குக் காரணம் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற மண்ணில் வாழும் பாக்டீரியா. மாவோடு வரும் அதன் வித்துகள், ரொட்டியின் உள்வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாததால், வெந்த பிறகும் உயிரோடு இருந்து, நம் ஊர்ப் புழுக்கத்தில் விழித்துக்கொள்கின்றன. அத்தகைய ரொட்டியை வாட்டித் தின்னப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். பாத்திரத்தையும் பலகையையும் வினிகரால் துடைக்க வேண்டும். அடுத்த மாவில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தேன். அமிலத்தில் அது வளர மறுக்கும். அதிகமாகப் புளிக்கவிட்டதைப் பற்றி மே மாதம் முழுவதும் குறை சொன்ன நானே இப்போது புளிப்பைக் கையால் ஊற்றுகிறேன்.

ஆறிய பிறகே அறுங்கள், ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு அறுத்தால் உள்ளே களியாகத்தான் இருக்கும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியே இருப்பதைவிட விரைவில் விறைத்துப்போகும். துண்டு போட்டு உறைதட்டில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் வாட்டிக்கொள்வது மேல்.

2 செப்டம்பர் 2023

இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக. கோதுமை மாவிலேயே செய்யலாமா என்றால், பாதி சேருங்கள். மில்லில் அரைத்த மாவின் தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையைக் கிழிக்கும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். 400 கிராமில் பாதி கோதுமை என்றால் 310 மில்லிலிட்டர் ஊற்றுகிறேன். முழுவதும் கோதுமையில் செய்தது, முகத்தில் எறிந்தால் காயம்படும் அளவில் வந்தது.

மின்கட்டணம்: என் அடுப்பு 1600 வாட். காய வைப்பது முதல் எடுப்பது வரை ஒன்றேகால் மணி நேரம். இடையிடையே அணைந்து எரிவதால் 2 யூனிட்டுக்கு உள்ளேதான் வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் மற்ற பொருள்கள் எவ்வளவு தின்கின்றன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இன்றுதான் எழுத முடிந்தது. 3-ஆம் தேதி இரவு கலந்து குளிர்பெட்டியில் வைத்த மாவு அங்கேயே இருந்தது. 4-ஆம் தேதி காலையில் மின்சாரம் போய்விட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கடை இல்லை, பால் இல்லை. குளிர்பெட்டி மெல்ல மெல்லச் சூடேற, அன்று மாலையே மாவு மூடியைத் தள்ளத் தொடங்கியது.

ஓ.டி.ஜி. இல்லாமல் இந்த மாவை என்ன செய்வது என்பதற்கு அன்று கிடைத்த விடை இது. எரிவாயு அடுப்பில் வார்ப்பிரும்புக் கடாயை வைத்து, சிறு தீயில் கால் மணி நேரம் காய வைத்தோம். மாவை முழு உருண்டையாகப் போடாமல் இரண்டாகப் பிரித்து, இரண்டு விரற்கடை கனத்தில் தட்டி, அரிசி மாவு தூவிப் போட்டு மூடினோம். அடிப்புறம் சிவக்க 12 நிமிடம், திருப்பிப் போட்டு மேலும் 10 நிமிடம். மேலிருந்து வெப்பம் இல்லாததால் திருப்பாமல் விட்டால் மேற்புறம் வெளுத்து ஈரமாகவே நிற்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிறம் தெரியாததால் மனைவி விரலால் தட்டி, உள்ளே பொள்ளென்று ஒலிப்பதைக் கேட்டே இறக்கினார். கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து மேலே வந்திருந்த குடும்பத்துக்கும் எங்களுக்கும் அன்றிரவு அதுதான் உணவு. தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். இனிமேல் ஓ.டி.ஜி. இல்லாதவர்களிடம், வாங்கிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

3 ஜனவரி 2024

கொருக்குப்பேட்டை நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். மே மாதத்தில் கைவிட்டதை இந்த மார்கழியில் மீண்டும் முயன்றதாகவும், அச்சிட்ட செய்முறையில் எதையும் மாற்றாமல், குளிர்பெட்டியும் ஐஸும் இல்லாமல், 16 மணி நேரத்தில் மாவு வலை வலையாக எழும்பியதாகவும் சொல்கிறார். ஆகவே தன் முடிவைத் திரும்பப் பெறுவதாகவும், ஆனால் என் குளிர்பெட்டி வழியை வீண் சுற்று என்று கருதுவதாகவும் எழுதுகிறார்.

முதல் பாதியை ஏற்கிறேன். நேற்றிரவு வெப்பமானியை மொட்டை மாடிக் கொட்டகையில் மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு உறங்கினேன். விடிகாலை 5 மணிக்கு, பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிய நேரத்தில் ஏறிப் பார்த்தபோது 22 டிகிரி. மூடியைத் திறந்தால் மேற்பரப்பு முழுவதும் நகக்கண் அளவுக் குமிழ்கள். விளிம்பில் வளையம் எதுவும் இல்லை. சாய்த்துப் பார்த்தேன். மாவு பாத்திரத்தை விட்டு ஒரே திரளாக நகர்ந்தது. அடியில் நீண்ட இழைகள், அறுபடாமல். அந்தச் செய்முறையைப் பொய் என்று நாம் இருவருமே சொன்னது தவறு. நியூயார்க்கில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் நமக்கு மார்கழியில் மட்டும், அதுவும் விடிகாலையில், கிடைக்கிறது. குளிர்பெட்டி வீண் சுற்றா என்பதை அவர் சித்திரையில் வந்து சொல்லட்டும்.

6 ஜனவரி 2024

மூடிக் குமிழ் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தவர்களுக்கு: ஹார்டுவேர் கடையில் இழுப்பறைக்குப் போடும் பித்தளைப் பிடி, திருகோடு, 40 ரூபாய். துளை அளவு பொருந்துகிறது. துணி வைத்துப் பிடிக்கவும்; நான் பிடிக்கவில்லை.